செம்பின் ஆழம்: மின்சுற்றுப் பலகைக்கான சிறு சி.என்.சி. இயந்திரம்

மின்சுற்றுப் பலகையில் துளையிடவும், அதன் செம்பைக் கீறி மின்பாதைகளைப் பிரிக்கவும் வீட்டு மேசைமீதே அமைத்துக்கொள்ளத்தக்க ஒரு சிறு சி.என்.சி. இயந்திரம் எவ்வாறு கட்டப்படுகிறது, அதில் எந்த உறுப்பிற்கு உழைப்பையும் பணத்தையும் முதலில் ஒதுக்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் பொருள். சி.என்.சி. என்பது, வெட்டும் கருவி எந்த இடத்திற்கு, எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்திற்குச் செல்ல வேண்டும் என்பதை எண்களாக எழுதி, அவ்வெண்களைப் படித்துத் திருகுகளைச் சுழற்றும் வேலையை ஒரு கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் முறையாகும். இரும்பையும் அலுமினியத்தையும் கடையும் பெரிய இயந்திரங்களைக் கண்டு பழகியவர்களுக்கு இயந்திரம் என்றாலே வலுதான் முதன்மை என்று தோன்றுவது இயல்பு. பொழுதுபோக்காக இதைக் கட்டத் தொடங்குவோரில் பலரும் பெரிய மோட்டாரைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் மின்சுற்றுப் பலகைக்கு வேண்டியது வலு அன்று. அதன்மேல் ஒட்டியிருக்கும் செம்பின் தடிப்பு 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 35 கூறு. அந்த மெல்லிய படலத்தை எச்சமில்லாமல் வெட்டி, அதற்குக் கீழே தேவைக்கு மேல் இறங்காமல் நிற்கும் ஆழக் கட்டுப்பாடே இங்கு எல்லாவற்றிற்கும் முந்தியது.

பரவலாகக் கிடைக்கும் எஃப்.ஆர்.-4 வகைப் பலகை, கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யப்படுவது. அதன் வழக்கமான தடிப்பு 1.6 மி.மீ. ஒரு பக்கமோ இரு பக்கமோ செம்புப் படலம் போர்த்த நிலையில் விற்கப்படும் இந்தப் பலகையில், வேண்டிய பாதைகளை மறைத்துவிட்டு, மறையாத செம்பை ஃபெர்ரிக் குளோரைடுக் கரைசலில் கரைத்தெடுப்பது பழைய வீட்டுமுறை. அம்முறை மலிவானது, நுண்ணிய பாதைகளையும் தரக்கூடியது. ஆனால் கறை படியும் கரைசலையும், செம்பு கலந்த கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வியையும் அது விட்டுச்செல்கிறது, அதன் பிறகும் துளைகளைக் கையால்தான் இட வேண்டியிருக்கிறது. ஐசொலேஷன் ரூட்டிங் எனப்படும் இயந்திர முறையில் செம்பு முழுவதையும் நீக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாதையின் விளிம்பையும் சுற்றி ஒரு நுண்ணிய கீறலை இட்டால், இருபுறச் செம்பும் மின்தொடர்பற்றுப் பிரிந்துவிடும். கீறல், துளை, பலகையின் வெளிவிளிம்பு ஆகிய மூன்றையும் ஒரே கிடப்பில், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து முடிக்க முடிவதுதான் இம்முறையின் பெரும் நன்மை.

எண்களால் கருவியைச் செலுத்தும் எண்ணம் துளையிலிருந்தே பிறந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஹெலிகாப்டர் சுழலிறகுகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், இறகின் வளைவு வடிவத்தைப் பல புள்ளிகளாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் வெட்டுக்கருவியை இறக்கி, இடையில் எஞ்சும் மேடுகளை அரத்தால் தேய்த்து வார்ப்புருக்களை உருவாக்கினார். 1949-இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்க, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வுக்கூடம் அப்பணியில் சேர்ந்தது. துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கிய மில்லிங் இயந்திரம் 1952-இல் காட்டப்பட்டது. அந்த மரபில் வளர்ந்து ஆர்.எஸ்.-274 என்ற தரமாக உருப்பெற்ற கட்டளை மொழியே இன்று ஜி-கோடு என்று வழங்கப்படுகிறது. பலகையின் படத்தைப் பலகை செய்வோருக்கு அனுப்பப் பயன்படும் கெர்பர் கோப்பும் அதே தரத்தின் ஒரு கிளைதான். அக்கோப்புக்குத் தம் பெயரைத் தந்த ஜோசப் கெர்பரும், அச்சு மின்சுற்றின் தந்தை என்று மதிக்கப்படும் பால் ஐஸ்லரும் வியன்னாவில் பிறந்த யூதர்கள். இருவரும் தாய்நாட்டை விட்டு, ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் இங்கிலாந்திலும் தஞ்சம் புகுந்தவர்கள். பலகையும் அதன் மொழியும் ஒரே நகரின் அகதிகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன.

இயந்திரத்தின் உறுப்புகளுள் முதலில் எண்ணத்தக்கவை மூன்று அச்சுகள்: இடவலமாக எக்ஸ், முன்பின்னாக ஒய், மேல்கீழாக இசட். ஒவ்வோர் அச்சையும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் சுழற்றுகிறது. ஸ்டெப்பர் என்பது தொடர்ந்து ஓடாமல், மின்துடிப்பு ஒன்றுக்கு ஓர் அடி என்று எண்ணி நகரும் மோட்டார். பொதுவாக அடி ஒன்றுக்கு 1.8 பாகை திரும்புவதால் ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள் ஆகின்றன. மோட்டாரை இயக்கும் டிரைவர் சில்லு ஒவ்வோர் அடியையும் பதினாறாகப் பகுக்குமாயின் ஒரு சுற்றுக்கு 3,200 நுண்ணடிகள் கிடைக்கும். அச்சை நகர்த்தும் திருகு, கடைகளில் எளிதில் கிடைக்கும் 8 மி.மீ. விட்டமுள்ள லீட் ஸ்க்ரூவாக இருந்து, ஒரு சுற்றில் நட்டை 8 மி.மீ. நகர்த்தும் வகையைச் சேர்ந்ததானால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 நுண்ணடிகள், அதாவது நுண்ணடி ஒன்றுக்கு 2.5 மைக்ரான் என்ற கணக்கு வருகிறது. இந்த எண் கவர்ச்சியானது, ஏமாற்றுவதும்கூட. பதினாறில் ஒரு பங்கு நகர்ச்சிக்கு மோட்டார் தரும் முறுக்குவிசை அதன் முழுத் தாங்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. திருகின் உராய்வு அதைவிட மிகுதியாக இருந்தால், இரண்டு மூன்று நுண்ணடிகள் சேர்ந்த பிறகுதான் அச்சு அசையும். ஆகவே கணக்கில் காணும் நுட்பம் வேறு, பலகையில் விழும் துல்லியம் வேறு. ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டுமே நகர்த்தும் திருகை இசட் அச்சுக்காவது தேர்ந்தெடுப்பது அறிவுடைய செயல், ஏனெனில் அப்போது முழு அடி ஒன்றே 10 மைக்ரானாகிவிடுகிறது.

துல்லியத்தை உண்மையில் தின்பது சட்டத்தின் வளைவு. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உருளைக் கம்பிகளின்மேல் வண்டி ஓடும் அமைப்பே மலிவான இயந்திரங்களில் மிகுதி. அத்தகைய எஃகுக் கம்பியின் நடுவில் விசை விழுந்தால் ஏற்படும் தொய்வு, நீளத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடி, விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறையும். 360 மி.மீ. நீளமும் 8 மி.மீ. விட்டமும் உள்ள ஒரு கம்பியின் நடுவில் ஒரு கிலோ எடையளவு விசை அழுத்தினால் அது சுமார் 0.24 மி.மீ. தொய்யும், அதே நீளத்தில் 12 மி.மீ. கம்பி 0.05 மி.மீ. அளவுக்கே தொய்யும். நான்கு மில்லிமீட்டர் கூடுதல் தடிப்பு ஐந்து மடங்கு விறைப்பைத் தந்துவிடுகிறது, ஆனால் விலை ஐந்து மடங்கு ஏறுவதில்லை. செம்பின் தடிப்பே 0.035 மி.மீ. என்பதோடு இதை ஒப்பிட்டால், பெரிய மோட்டாருக்குச் செலவிடும் பணத்தைத் தடித்த கம்பிக்கோ, அடிமுழுதும் தாங்கப்பட்ட லீனியர் ரெயிலுக்கோ திருப்புவதே முறை என்பது விளங்கும். பலகைகள் சிறியவை என்பதால் வேலைப் பரப்பையும் பெரிதாக்க வேண்டியதில்லை. குறுக்குச் சட்டம் அசையாமல் நிற்க, அடிமேசை மட்டும் முன்பின் நகரும் அமைப்பு இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. சட்டத்தை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் செய்வது தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினாலும், ஈரம் குடித்து ஊதும் இயல்புடைய அப்பொருள் கடற்கரை ஊர்களின் மழைக்காலத்தில் அளவு மாறிவிடும். அலுமினியச் சட்டங்களே நெடுநாள் நம்பத்தக்கவை.

திருகுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள ஆட்டம் அடுத்த குறை. வலப்புறம் சென்ற அச்சு இடப்புறம் திரும்பும்போது, மரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைத் தொடும்வரை திருகு வெறுமனே சுழலும்; இதைத் தொழிலில் பேக்லாஷ் என்பர். இரண்டு நட்டுகளுக்கு இடையே சுருள்வில்லை வைத்து மரையின் இருபக்கத்தையும் எப்போதும் அழுத்தியிருக்கச் செய்வது இதற்கு எளிய தீர்வு. இசட் அச்சில் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் எடையே நட்டைக் கீழ்நோக்கி அழுத்துவதால் இக்குறை பெரும்பாலும் தானே அடங்கிவிடுகிறது.

ஸ்பிண்டில் என்பது வெட்டும் பிட்டைப் பற்றிச் சுழற்றும் மோட்டார்த் தொகுதி. தொடக்க நிலைக் கருவிகளில் 775 வகை டி.சி. மோட்டாரின் தண்டில் ஒரு பித்தளைப் பிடியைச் செருகி, பக்கத் திருகால் முடுக்கியிருப்பார்கள். அந்தத் திருகு பிட்டை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் அதன் நுனி மையத்தில் நில்லாமல் வட்டமடிக்கும். மையத்திலிருந்து 0.05 மி.மீ. விலகியிருந்தால் போதும், 0.1 மி.மீ. நுனியுடைய பிட் 0.2 மி.மீ. அகலத்திற்குக் கீறும், 0.8 மி.மீ. துளைப் பிட் முறிந்து விழும். சுற்றிலும் சமமாக நெருக்கிப் பிடிக்கும் ஈ.ஆர்.-11 காலெட் இந்த விலகலைப் பெரிதும் குறைக்கிறது. கார்பைடுப் பிட்டுகளின் தண்டு பெரும்பாலும் 3.175 மி.மீ. விட்டமுடையது, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகிய இந்த அளவைத்தான் தமிழ்நாட்டுத் தச்சர்கள் ஒரு நூல் என்கிறார்கள்.

ஆழமே முதன்மை என்ற கூற்றுக்குக் காரணம் கீறும் பிட்டின் வடிவில் இருக்கிறது. அது கூம்பு வடிவானது. ஆகவே எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு அகலமாகக் கீறுகிறது. நுனி 0.1 மி.மீ. அகலமும் முழுக்கோணம் 60 பாகையும் உடைய பிட், 0.05 மி.மீ. ஆழத்தில் 0.16 மி.மீ. அகலக் கீறலையும், 0.1 மி.மீ. ஆழத்தில் 0.22 மி.மீ. அகலக் கீறலையும், 0.3 மி.மீ. ஆழத்தில் ஏறத்தாழ 0.45 மி.மீ. அகலக் கீறலையும் இடுகிறது. பல சிறு கட்டுப்பாட்டுப் பலகைகளில் காணப்படும் ஏடிமெகா328பி சில்லின் சதுர வடிவத்தில் கால்கள் 0.8 மி.மீ. இடைவெளியில் அமைந்தவை, கால் வைக்கும் செம்புத் திட்டு 0.5 மி.மீ. அகலமானால் இரு திட்டுகளுக்கு இடையே எஞ்சுவது 0.3 மி.மீ. மட்டுமே. 0.1 மி.மீ. ஆழத்தில் அந்த இடைவெளி வழியே எளிதாகச் செல்லும் பிட், 0.3 மி.மீ. ஆழத்தில் திட்டுகளையே அரித்துவிடும். 30 பாகைப் பிட் அதே 0.3 மி.மீ. ஆழத்தில் 0.26 மி.மீ. அகலத்தோடு நின்றுவிடுவதால் பிழையை அதிகம் பொறுத்துக்கொள்கிறது, ஆனால் அதன் மெலிந்த நுனி விரைவில் ஒடிகிறது.

இப்போது பலகையின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் பலகை தட்டையாக இருப்பதில்லை. தொழில்முறைத் தர விதிகளே, மேற்பரப்பில் உறுப்புகள் ஒட்டப்படும் பலகைக்கு நீளத்தில் 0.75 சதவீதம் வரை வளைவை அனுமதிக்கின்றன, அதாவது 100 மி.மீ. பலகை 0.75 மி.மீ. வரை வளைந்திருக்கலாம். செம்பைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்ட மேடுபள்ளத்தின்மேல், செம்பின் தடிப்பளவுக்கு மட்டும் இறங்கிக் கீற வேண்டியிருக்கிறது. இதற்கு முதல் மருந்து, அடிமேசையில் ஓர் எம்.டி.எஃப். பலகையைப் பொருத்தி, அதன் மேற்பரப்பை இயந்திரத்தைக் கொண்டே ஓர் அகலப் பிட்டால் சீவிவிடுவது. சீவிய பரப்பு அந்த இயந்திரத்தின் சொந்த மட்டத்திற்கு இணையாகிவிடும். அதன்மேல் இருபக்க ஒட்டுநாடாவால் மின்சுற்றுப் பலகையைப் பரப்பு முழுதும் அழுத்தி ஒட்டினால் வளைவின் பெரும்பகுதி அடங்கும்.

எஞ்சிய வளைவை இயந்திரமே அளந்துகொள்வதுதான் இவ்வேலையில் மிக அழகான பகுதி. செம்பு மின்சாரத்தைக் கடத்தும், பிட்டும் கடத்தும். கட்டுப்பாட்டுப் பலகையின் பரிசோதனை முனையிலிருந்து ஒரு கம்பியைப் பிட்டோடும், தரைமுனையிலிருந்து மற்றொன்றைச் செம்போடும் இணைத்துவிட்டால், சுழலாத நிலையில் பிட் மெல்ல இறங்கிச் செம்பைத் தொடும் கணத்தில் சுற்று மூடுகிறது. ஜி38.2 என்ற கட்டளை அந்தக் கணத்தில் அச்சை நிறுத்தி, அப்போதைய உயரத்தைக் குறித்துக்கொள்கிறது. 100 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் உள்ள பரப்பில் 10 மி.மீ. இடைவெளியில் தொட்டுப் பார்த்தால் 99 புள்ளிகளின் உயரங்கள் கிடைக்கும்; பிட் ஒவ்வோரிடத்திலும் தாழ்ந்து, தொட்டு, எழுந்து, அடுத்த இடத்திற்கு நகர்வதைக் காண்பது, வைத்தியர் நாடி பார்ப்பதைக் காண்பது போன்றது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட உயரத்தை மென்பொருள் விகிதமுறையில் கணக்கிட்டு, ஜி-கோட்டின் ஒவ்வொரு நகர்விலும் அந்த ஏற்றத்தாழ்வைச் சேர்த்துவிடுகிறது. பிட் மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, செம்பின் ஆழத்தை மட்டும் மாறாமல் காக்கிறது. ஸ்பிண்டில் மோட்டாரின் மின்னிரைச்சல் இந்தத் தொடுகையைப் பொய்யாகக் காட்டக்கூடும் என்பதால், பரிசோதனை முனைக்கும் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைப்பது நல்லது. ஸ்பிண்டிலைச் சுழற்றுவதற்கு முன் பிட்டில் இணைத்த கம்பியைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது.

மின்னணுப் பகுதி இன்று கடினமானதன்று. நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கிய ஜிஆர்பிஎல் என்னும் திறந்த மென்பொருள், 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள ஏடிமெகா328பி சில்லில், அதாவது ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகையில், மூன்று அச்சுகளையும் ஒருங்கே செலுத்துகிறது. நொடிக்கு ஏறக்குறைய 30,000 துடிப்புகள்வரை அதனால் தர முடியும். பழைய கணிப்பொறியையே கட்டுப்படுத்தியாக்க விரும்புவோருக்கு லினக்ஸ்சிஎன்சி இருக்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் எளிதில் கிடைக்கும் ஏ4988 டிரைவரில் மின்னோட்ட வரம்பைச் சிறு திருகால் அமைக்க வேண்டும்: அதன் உணர்மின்தடை 0.1 ஓம் ஆயின், ஓர் ஆம்பியருக்கு அளவீட்டு முனையில் 0.8 வோல்ட் காட்ட வேண்டும். மின்சாரம் ஓடும்போது மோட்டார்க் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் கருகிவிடக்கூடும்.

வரைபடத்திலிருந்து வெட்டுவரை செல்லும் வழி இவ்வாறு அமைகிறது. கிக்காட் போன்ற மென்பொருளில் பலகை வரையப்பட்டு, செம்புப் பாதைகள் கெர்பர் கோப்பாகவும், துளைகள் எக்செலான் கோப்பாகவும் வெளிவருகின்றன. ஃபிளாட்காம் போன்ற மற்றொரு மென்பொருள் அவற்றைப் பிட்டின் அகலத்திற்கு ஏற்ப ஜி-கோடாக மாற்றுகிறது. கீழ்ப்பக்கச் செம்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறந்தால் பலகை முழுதும் வீணாகும். முதல் பலகையில் மிகப் பலருக்கும் நேர்வது இதுதான்.

வேலையின் வரிசை முதலில் கீறல், பிறகு துளை, இறுதியில் வெளிவிளிம்பு. வெளிவிளிம்பை முன்னதாக வெட்டினால் பலகை தளர்ந்து, துளைகள் இடம் மாறும். மின்தடைக்கும் ஐ.சி.க்கும் 0.8 மி.மீ., 1என்4007 டயோடுக்கும் பின் ஹெடர் வரிசைக்கும் 1.0 மி.மீ., எம்3 திருகுக்கு 3.2 மி.மீ. என்பவை வழக்கமான துளை அளவுகள். கண்ணாடி இழை சாதாரண ஹெச்.எஸ்.எஸ். எஃகுப் பிட்டைச் சில பலகைகளிலேயே மழுக்கிவிடுவதால் கார்பைடு இன்றியமையாதது. ஆனால் கார்பைடு கடினமான அளவுக்கு நொறுங்குவதும்கூட, பக்கவாட்டு விசையைச் சிறிதும் தாங்காது. கையால் பிடித்த டிரில்லில் அடிக்கடி முறியும் அதே பிட் இயந்திரத்தில் நெடுநாள் உழைப்பதற்குக் காரணம், இயந்திரம் நேர்க்கீழாக மட்டுமே இறங்குவதுதான். தொழிற்சாலைகளின் துளை இயந்திரங்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. 10,000 சுற்று மட்டும் தரும் சிறு ஸ்பிண்டிலில் நிமிடத்திற்கு 60 மி.மீ. போன்ற மெதுவான இறக்கமே ஏற்றது. பெரிய துளைகளுக்குத் தனிப் பிட் வாங்காமல், பக்கங்களாலும் வெட்டும் 1 மி.மீ. எண்ட்மில் பிட்டை வட்டமாகச் சுற்றிச் சுற்றி இறக்கி வெட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் தீங்கானது, இயந்திரத்தின் பேரிங்குகளுக்கும் பகை; வெட்டுமிடத்தருகே உறிஞ்சுகுழாயும், முகத்தில் என்-95 தரக் கவசமும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் எஃப்.ஆர்.-4 பலகையை வெட்டக் கூடாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிவைத்த ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறைகளில் இதற்கு வேறு வழி கண்டார்கள்: கண்ணாடி இழைக்குப் பதிலாகக் காகிதமும் ஃபீனாலிக் பிசினும் கொண்ட எஃப்.ஆர்.-1 பலகையை, ஏறத்தாழ 0.4 மி.மீ. விட்டமுள்ள எண்ட்மில்லால் வெட்டுவது. எண்ட்மில்லின் பக்கங்கள் நேரானவை ஆகையால் ஆழம் சற்றுக் கூடினாலும் கீறல் அகலம் மாறாது. ஆனால் வேகம் குறைவு, பிட்டின் விலையும் அதிகம். மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் உள்ள விஞ்ஞான் ஆசிரமம், 2002-லேயே அமெரிக்காவுக்கு வெளியே எழுந்த முதல் ஃபேப் லேப்களுள் ஒன்று.

இருபக்கப் பலகை வெட்டும் நிலையில்தான் இயந்திரத்தின் மூலைமட்டம் சோதிக்கப்படுகிறது. எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் சரியான செங்கோணத்தில் இல்லையெனில், ஒருபக்கப் பலகையில் அது எவர் கண்ணுக்கும் தெரியாது, ஏனெனில் கீறலும் துளையும் ஒன்றாகவே சாய்ந்திருக்கும். பலகையைத் திருப்பிப் போடும்போது சாய்வும் எதிர்ப்புறமாகத் திரும்பிவிடுவதால் பிழை இரட்டிக்கிறது. இதையே அளவுகோலாக ஆக்கிக்கொள்ளலாம்: ஒய் அச்சின் நேரில் இரண்டு துளைகளை அடிப்பலகை வரை இட்டு, அவற்றில் எஃகு ஊசிகளைச் செருகி, அவ்வூசி வரிசையிலிருந்து இருபுறமும் 10 மி.மீ. தோறும் சிறு துளைகளை இட வேண்டும். பிறகு அதே ஊசிகளில் பலகையைத் திருப்பி மாட்டி, ஒவ்வொரு துளையும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக்குறியைக் கீற வேண்டும். எல்லாக் குறிகளும் ஒரே அளவு, ஒரே திசையில் விலகியிருந்தால் தொடக்கப்புள்ளி தவறியிருக்கிறது. ஊசி வரிசையின் ஒரு புறத்துக் குறிகள் மேலேறியும் மறுபுறத்தவை கீழிறங்கியும், தூரம் கூடக்கூட விலகல் கூடியும் இருந்தால் அது மூலைமட்டக் குறை. ஊசியிலிருந்து 100 மி.மீ. தொலைவில் 0.2 மி.மீ. விலகல் தெரிந்தால், உண்மையான சாய்வு அதில் பாதியாகிய 0.1 மி.மீ. ஆகும். குறுக்குச் சட்டத்தின் தாங்கிகள் 300 மி.மீ. இடைவெளியில் நிற்பவையானால், ஒரு பக்கத் தாங்கியின் போல்டுகளைத் தளர்த்தி, 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டின் அளவுக்கு நகர்த்தி, மீண்டும் முடுக்கி, புதிய செம்புத் துண்டில் அதே துளைகளை மறுபடியும் இட்டுப் பார்க்க வேண்டும்.